ஒன்பதாவது தரிப்பு

வைலே
14.10.2024

மாதா துணை

அன்பின் தம்பி மரியரட்ணத்துக்கு அக்கா எழுதுவது. நீயும் தங்கமலரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் இங்கே சுகம். அத்தானுக்கு முழங்கால் நோ, அது பழைய கதை.

போன் இருக்க ஏன் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸை எடுத்துவிடுவாய். வாட்ஸப்பில் எழுதினால் என் மகள் ஷரோன் எல்லாவற்றையும் வீட்டு ஐபாட்டில் வாசித்து, தன் அண்ணன் றொனிஷனுக்கு அனுப்பிவிடுவாள். இது அவனைப் பற்றிய விசயம். அதனால்தான் தாள். நீ டென்மார்க்குக்கு வந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் ஊருக்கு எனக்கு எழுதிய கடிதங்கள் இன்னும் பிஸ்கற் தகரப் பேணிக்குள் இருக்கின்றன. அப்போது ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுவாய். இப்போதும் அப்படி எழுது.

றொனிஷன் இலையுதிர்கால லீவுக்கு வந்து நிற்கிறான். அவனுடைய ஜக்கெற்றைத் தோய்க்கப் போட முன் பொக்கற்றைப் பார்த்தேன். ஒரு கடதாசித் துண்டு. "வியாழன் 10.15, கமில்லா". அடுத்த வியாழனும் கமில்லா. கிறிஸ்மஸ் வரைக்கும் கமில்லா! யாரடா இது என்று கேட்டேன். ஓல்போர்க் பல்கலைக்கழகம் போட்டுக் கொடுத்த மென்டோராம், வழிகாட்டியாம். படிப்போ வேறு என்ன கஷ்டமோ, அவளோடு தனியாகக் கதைக்கலாமாம். என்ன கதைக்கிறீர்கள் என்றேன். "தெ எர் பிரிவாட்" என்றான். அது தனிப்பட்ட விசயமாம்! பெற்ற தாய்க்கு டெனிஷில் மறுமொழி.

ஷரோனைக் கொண்டு பேஸ்புக்கில் தேடினேன். முப்பது வயதுக்கு மேல் இராது. நீச்சல் உடுப்போடு மார்கழிக் கடலில் நின்று சிரிக்கிறாள். இந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன். யாரும் கொண்டுபோக விடமாட்டேன்.

நீ ஓட்டுகிற பஸ் அவனுடைய விடுதி வழியால்தானே போகிறது. கொஞ்சம் கண் வைத்துப் பார். அவனுக்குத் தெரியக்கூடாது.

அன்பு அக்கா
மேரிசெலின்

*

ஓல்போர்க்
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் சுகம். தங்கமலரும் சுகம், ஆஸ்பத்திரிக் குசினியில் அவளுக்கு இப்போது காலைச் சமையல் வேலை. அத்தானுக்கு முழங்காலை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள்.

அக்கா, குளிர்கடலில் குளிப்பது இங்கே பாதிச் சனத்தின் பொழுதுபோக்கு. எங்கள் டிப்போ மனேஜர் அறுபத்திரண்டு வயதில் ஐஸை உடைத்துக் குளிக்கிறார். அவரையும் சந்தேகப்படுவீர்களோ? முதல் வருசப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து தடுமாறுவார்கள், அதற்காக இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். என்னுடைய பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளும் சொல்லுவார்கள்.

இந்த மாதம் எனக்கு மாலை முறை. அடுத்த மாதம் வியாழன் காலை வருகிறது. பார்த்து எழுதுகிறேன். அதுவரை நித்திரை கொள்ளுங்கள்.

தம்பி
ரட்ணம்

*

வைலே
10.11.2024

மாதா துணை

அன்பின் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சுகம் என்று அறிந்து ஆறுதல். எனக்கு அந்த ஆறுதல் இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தேன். தாய் கதைக்கிறேன், பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்கள் மகன் இங்கே படிக்கிறாரா இல்லையா என்றுகூட எங்களால் சொல்ல முடியாது." இருபது வயதாகிவிட்டதாம். சட்டமாம். ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வொரு ரீச்சருக்கும் ஒரு பெட்டி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய், பிள்ளை எப்படி என்று நேரே கேட்டு வந்தவள் நான். ஒருவரும் வாயை மூடவில்லை. இவர்கள் மட்டும் ஏன் மூடுகிறார்கள்? ஒளிக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் ஒளிக்க வேண்டும்?

இன்னொன்று. வீடியோவில் கதைக்கும்போது அவனுக்குப் பின்னால் எப்போதும் யன்னல் திரை மூடிக் கிடக்கிறது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கும் மூடித்தான் கிடக்கிறது. திரையைத் திற, வெளிச்சம் வரட்டும் என்றால் போனை வைத்துவிடுகிறான். அந்த அறைக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள், தம்பி. எனக்கு விசர் என்று நினைக்காதே.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. போன வருசம் வரை சாப்பாட்டு மேசையில் இருந்து ஊர்க்கதை எல்லாம் கதைத்த பிள்ளை. இப்போது "சுகமோ அப்பு?" என்றால் "ஓம்". "சாப்பிட்டியோ?" என்றால் "ஓம்". அதற்கு மேல் ஒரு சொல் வராது. யாரோ அவனுடைய வாயைக் கட்டி வைத்திருக்கிறாள்.

கெதியாக எழுது.

அக்கா

*

ஓல்போர்க்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது, டயர் மாற்றிவிட்டோம்.

நீங்கள் கேட்டபடி பார்த்தேன். 14ஆம் தேதி வியாழன் பத்தேகாலுக்கு, அவனுடைய விடுதிக்கு முன்னால் இரண்டு பேரும் ஏறினார்கள். பின்கதவால் ஏறினார்கள், அவன் என்னைக் காணவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் இருந்தா. கதைத்துச் சிரித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது தரிப்பில் இறங்கிவிட்டார்கள். பல்கலைக்கழகம் ஒன்பதாவது தரிப்பு.

21ஆம் தேதியும் ஏறினார்கள். இந்த முறை மூன்றாவது தரிப்பில் இறங்கினார்கள். அங்கே ஒரு பூக்கடை, ஒரு பல் வைத்தியர், கொஞ்ச வீடுகள். எனக்கும் விளங்கவில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கெட்டது ஒன்றும் கண்ணில் படவில்லை, அக்கா. கையைக்கூடப் பிடிக்கவில்லை.

தம்பி
ரட்ணம்

*

வைலே
2.12.2024

அன்பின் தம்பிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது நிதானம் இல்லை, மன்னித்துக்கொள்.

படிக்கிற பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகாமல் வழியில் இறக்குகிறாளாம்! ஒரு கிழமை இரண்டாவது தரிப்பு, மறு கிழமை மூன்றாவது. ஏன் ஒரே இடத்தில் இறங்கவில்லை? ஆட்கள் கண்டுபிடிக்கக்கூடாது என்றுதானே! யாருடைய வீடு அங்கே இருக்கிறது? கள்ளத்தனம் இல்லாவிட்டால் இப்படி இடம் மாற்றி மாற்றி இறங்குவார்களா? நீ இருந்த இடத்திலேயே இருந்து "கெட்டது கண்ணில் படவில்லை" என்கிறாய். எழும்பிப் பின்னால் போய்ப் பாரடா!

நான் சும்மா இருக்கப் போவதில்லை. முறைப்பாடு எழுத நினைத்திருக்கிறேன். அதற்கு முன் நீ ஒரு முறை பின்தொடர்ந்து பார்த்து எழுது. இல்லாவிட்டால் நான் வந்து அவனைப் பெட்டி படுக்கையோடு கூட்டிக்கொண்டு வருவேன். வைலேயில் இருந்துகொண்டு ஓகூஸ் பல்கலைக்கழகத்துக்கு ரெயிலில் போய்ப் படிக்கட்டும்.

அக்கா

*

ஓல்போர்க்
16.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். 12ஆம் தேதி லீவு போட்டுப் பின்தொடர்ந்தேன். ஒன்றுமில்லை. கோப்பி குடித்தார்கள், போனார்கள்.

முறைப்பாடு எழுத வேண்டாம். கிறிஸ்மஸுக்கு அவன் வந்தால் ஒன்றும் கேட்க வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

*

வைலே
12.1.2025

மாதா துணை

அன்பின் தம்பிக்கு,

புதுவருச வாழ்த்து. நீயும் தங்கமலரும் சுகமா? சுகம் என்றுதான் எழுதுவாய்.

கிறிஸ்மஸுக்கு அவன் வரவில்லை. ஜனவரியில் சோதனையாம். இருபத்தியொரு வருசத்தில் பாலன் பிறப்புக்கு முதல் தடவையாக என்னுடைய மேசையில் ஒரு கோப்பை குறைந்தது.

உன்னுடைய கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனை வரி எழுதியிருக்கிறாய்? பனி விழுந்ததைப் பற்றியும் டயரைப் பற்றியும் எழுதுகிறவன் நீ. எத்தனையாவது தரிப்பில் இறங்கினார்கள் என்று ஏன் எழுதவில்லை? நீ லீவு போட்டுப் போனாய், எதையோ கண்டாய், அதை விழுங்கிவிட்டாய். உன்னையும் வளைத்துப் போட்டுவிட்டார்களா? எனக்கு இப்போது உன்னிலும் சந்தேகம். இதை எழுத என் கை கூசுகிறது, ஆனால் இருக்கிறது.

அதனால் நானே எழுதினேன். ஷரோன் டெனிஷில் எழுதித் தரமாட்டேன் என்று அழுதாள். அகராதியைப் பார்த்து இரண்டு நாள் இருந்து எழுதி, நேற்று பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டேன். கமில்லா என்ற உத்தியோகத்தர் என் மகனை வியாழன்தோறும் பஸ்ஸில் ஏற்றி, வெவ்வேறு இடங்களில் இறக்கி, எங்கோ கொண்டுபோகிறாள் என்று தேதியோடு எழுதினேன். ஆதாரம் கேட்பார்கள்தானே? உன் பெயரைப் போட்டிருக்கிறேன். சாட்சி, பஸ் சாரதி மரியரட்ணம், பிள்ளையின் சொந்த மாமன்.

இனி உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் நீ.

அக்கா

*

ஓல்போர்க்
16.2.2025

அக்காவுக்கு,

நாலு கிழமை உங்களுடைய போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். இப்போது எழுதுகிறேன். இருந்து வாசியுங்கள்.

நாலு வியாழனாகப் பத்தேகாலுக்கு அவனுடைய தரிப்பில் ஒருவரும் இல்லை.

டிசம்பர் 12ஆம் தேதி நான் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுப் பின் இருக்கையில் இருந்தேன். அவன் ஏறின உடனேயே கண்டுவிட்டான். ஆறாவது தரிப்பில் அந்தப் பெண்ணைப் பேக்கரிக்குள் அனுப்பிவிட்டு என்னிடம் வந்தான். சேர்ட் நனைந்து ஒட்டியிருந்தது, அந்தக் குளிரில். "மாமா, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

செப்டம்பர் முடிவிலிருந்து அவன் வகுப்புக்குப் போகவில்லை. இங்கே ஆறு பேராகச் சேர்ந்து ஒரு அறைக்குள் இருந்துதான் படிக்க வேண்டும், குழுவாக. அதில் ஒரு நாள் இவன் தன்னுடைய பங்கைச் செய்து முடிக்கவில்லை. அடுத்த நாள் போக வெட்கம். அதற்கடுத்த நாள் பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு அடிக்கிறது, மூச்சு எடுக்க முடியவில்லை. பிறகு, அத்தான் காரில் வந்து ஏற்றிக்கொண்டுபோன அந்த லீவைத் தவிர, அறையை விட்டு இறங்கவே இல்லை. நீங்கள் பார்த்த திரைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, அக்கா. அவன் மட்டும்தான் இருந்தான். வைத்தியரிடம் தானாகவே எழுதிக் கேட்டு, பல்கலைக்கழகத்துக்கும் எழுதி, அந்த மென்டோரைக் கேட்டு வாங்கியிருக்கிறான். இருபது வயதுப் பிள்ளை, ஒருத்தரும் இல்லாமல்.

முதல் இரண்டு கிழமை அவ அறை வாசலில் வந்து நின்று கதைத்தாவாம். பிறகு தரிப்பு வரை நடந்தார்கள். பிறகு பஸ். ஒரு தரிப்பு போய் இறங்கி நடந்து திரும்பினார்கள். அடுத்த கிழமை இரண்டு. அதற்கடுத்தது மூன்று. நான் உங்களுக்கு எழுதினேனே, நீங்கள் கள்ளத்தனம் என்றீர்களே, அது இதுதான். ஜனவரி 16ஆம் தேதி ஒன்பதாவது தரிப்பில், பல்கலைக்கழகத்தில் இறங்கினான். கட்டட வாசலில் பத்து நிமிசம் நின்றுவிட்டுத் திரும்பினான். அடுத்த வியாழன் உள்ளே போகிற நாள்.

அந்தக் கிழமை உங்களுடைய முறைப்பாடு போய்ச் சேர்ந்தது. விசாரணை முடியும் வரை அவ அவனைச் சந்திக்கக்கூடாது. முறைப்பாட்டை அவனுக்கும் காட்டியிருக்கிறார்கள். அதில் என்னுடைய பெயர். போன் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, நீங்கள் எங்கட தரிப்புகளை எண்ணிக்கொண்டு இருந்தனீங்களோ?" ஓம், எண்ணினேன். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. கதவைத் தட்டினால் உள்ளே நடமாடுகிற சத்தம் கேட்கும், திறக்கமாட்டான். ஜூன் சோதனைக்கு இருக்காவிட்டால் அவனுடைய இடம் போய்விடும்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்கு நான் கேட்டேன். "அம்மா சுகமோ எண்டு கேட்டா ஓம் எண்டுதான் சொல்ல வேணும். எங்கட வீட்டில அதுக்கு வேற மறுமொழி இல்லை, மாமா" என்றான். எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்த மறுமொழியை நானும் எழுதியிருக்கிறேன். பிஸ்கற் பேணியைத் திறவுங்கள். தொண்ணூற்றிமூன்றில் முகாமிலிருந்து நான் எழுதிய முதல் ஏழு கடிதங்களை எடுத்துப் பாருங்கள். ஏழும் "நான் சுகம்" என்றுதான் தொடங்கும். அந்த ஏழு மாதமும் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவைத் தட்டி அந்தக் கடிதங்களை வாங்கிக்கொண்டுபோய்த் தபாலில் போட்டது முகாமில் வேலை செய்த ஒரு டெனிஷ் பெண். எட்டாவதை நீயே போட வேண்டும் என்று சொல்லி, தபால்பெட்டி வரைக்கும் என்னோடு கூட நடந்தவ. உங்களுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை.

அவன் கேட்டான் என்று வாயை மூடினேன். அது சரியா பிழையா என்று தெரியாது. ஆனால் நீங்கள் செய்தது பிழை, அக்கா.

ரட்ணம்

*

வைலே
2.3.2025

தம்பிக்கு,

பேணியைத் திறந்தேன். ஏழையும் வாசித்தேன். ஒரு கடிதத்தில், இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். யன்னலால் பார்த்து எழுதினாய் போல.

முறைப்பாட்டை மீளப் பெற்றுவிட்டேன். நான் பிழையாக நினைத்துவிட்டேன், என் தம்பி பிழையாக ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஆனால் அவவுக்கு இதற்குள் வேறு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டார்களாம். புது ஆள் ஈஸ்டருக்குப் பிறகுதானாம். அது வரைக்கும் அந்தப் பிள்ளை திரைக்குப் பின்னால் கிடப்பதா?

அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் வியாழக்கிழமைகளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், தந்துவிட்டார்கள். இந்த வியாழன் காலை ரெயிலில் வருகிறேன். நீ உன்னுடைய பஸ்ஸை ஓட்டு. என்னைக் கண்டால் தெரியாத மாதிரி இரு.

அக்கா

*

வைலே
27.4.2025

அன்பின் தம்பிக்கு,

ஈஸ்டர் திருநாள் வாழ்த்து. ஏழு வியாழன் உன்னுடைய பஸ்ஸில் வந்திருக்கிறேன். உன்னுடைய பிடரியைத்தான் பார்த்தேன். நரைத்துப் போனாயடா.

முதல் நாள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கதவடியில் போய் நின்றேன். "ஏன் வந்தனீங்கள்?" என்று உள்ளேயிருந்து கேட்டான். "பஸ்ஸில பக்கத்தில இருக்க வந்தனான்" என்றேன். பிறகு சட்டம் போட்டான். கதைக்கக்கூடாது. என்னைப் பார்க்கக்கூடாது. நான் எழும்பினால் எழும்ப வேண்டும். மாமாவோடும் கதைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். என் வாழ்க்கையில் பூசை நேரத்தில்கூட நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. நீ முதலில் அவர்களைக் கண்ட இடத்திலிருந்தே தொடங்கினோம், இரண்டாவது தரிப்பிலிருந்து. அவனுடைய முழங்கால் என்னுடைய முழங்காலில் பட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

ஆறாவது தரிப்பில் இறங்கின நாள், நடக்கும்போது அவனே கேட்டான். "அம்மா, சுகமோ எண்டு கேக்கமாட்டீங்களோ?"

"கேட்டா உண்மை சொல்லுவியோ?" என்றேன்.

"சுகமில்லை, அம்மா."

"சரி, அப்பு" என்றேன். பேக்கரியில் இருந்து கோப்பி குடித்தோம். அவன் அழுதான், நானும் அழுதேன். கடைக்காரப் பெண் கைதுடைக்கிற தாள் ஒரு கட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கமில்லாவைத் தேடிப் போனேன். ஒரு பெட்டி ரோல்ஸோடுதான். நான் றொனிஷனின் தாய், மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "உங்களுடைய மகனை எனக்குத் தெரியுமா தெரியாதா என்று என்னால் சொல்ல முடியாது." பல்கலைக்கழகமே கூப்பிட்டு விசாரித்த பிறகும்! முந்தி என்றால் மேசையைக் குத்தியிருப்பேன். இப்போது யோசித்தேன், ஒன்றையும் வெளியே விடாத இந்த வாயை நம்பித்தான் என்னுடைய பிள்ளை தன்னுடைய வாயைத் திறந்திருக்கிறான். ஒரு ரோல்ஸ் மட்டும் எடுத்துக் கடித்தா. கண்ணால் தண்ணீர் வந்தது, உறைப்போ என்னவோ.

போன வியாழன் எட்டாவது தரிப்பு. அதை நீயும் கண்டாய். நான் எழும்பினேன், அவன் எழும்பவில்லை. "நீங்கள் இறங்குங்கோ அம்மா, நான் மற்றதுக்குத் தனியப் போறன்" என்றான். நான் இறங்கினேன். நீ கதவை மூடாமல் வைத்திருந்தாய், நான் கையைக் காட்டின பிறகுதான் மூடினாய். பஸ் திரும்பி மறையும் வரைக்கும் அங்கேயே நின்றேன். எவ்வளவோ நாள் நான் அவனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டிருக்கிறேன், அன்றைக்கு விட்ட மாதிரி ஒரு நாளும் விட்டதில்லை.

இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை புது மென்டோர் வந்தாராம். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. முப்பது வருசமாக ஒவ்வொரு கடிதத்திலும் உன்னிடம் கேட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். இந்த முறை நிற்கிறேன். தம்பி, நீ சுகமா?

அக்கா

*

ஓல்போர்க்
15.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இந்தக் கடிதத்தைப் போட அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். பரவாயில்லை, நடப்பேன்.

வியாழக்கிழமை அவனுக்குச் சோதனை. குழுவோடு சேர்ந்து உள்ளே போய் வாயால் மறுமொழி சொல்ல வேண்டுமாம். பத்தேகாலுக்குத் தரிப்பில் தனியாக நின்றான். பின்கதவால் ஏறுவான் என்று நினைத்தேன். முன்கதவால் ஏறினான். "குத் மோன், மாமா" என்று டெனிஷில் காலை வணக்கம் சொன்னான். ஜனவரிக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் சொல். நான் தலையை ஆட்டினேன்.

எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருந்தான். இந்த முறை நான் எண்ணவில்லை, அக்கா. ஒன்பதாவதில் இறங்கினான். கட்டட வாசலில் கொஞ்சம் நின்றான். நான் கதவை மூடவில்லை. ஒரு கிழவி வந்து பஸ் பழுதா என்று கேட்டா, இல்லை என்றேன். அவன் உள்ளே போனான். கதவு அவனுக்குப் பின்னால் மூடியது. ஒரு நிமிசம் பிந்தித்தான் பஸ்ஸை எடுத்தேன்.

பாஸா பெயிலா என்று தெரியாது. அவன் சொல்லும்போது சொல்லட்டும்.

நீங்கள் கேட்டதற்கு மறுமொழி. இல்லை, அக்கா. அவ்வளவு சுகமில்லை. கொஞ்சக் காலமாகவே இல்லை. சனிக்கிழமை வைலேக்கு வருகிறேன், நேரே சொல்கிறேன். ரோல்ஸ் பொரிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும்.

தம்பி
ரட்ணம்